கடைசிக் கதவு

குரிச்சிபா,
10 மார்ச் 1996

அன்புள்ள அனீசியா அக்காவுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக லீவியாவின் நீல மேலங்கிக்கு உள்பக்கம் இந்த வீட்டு முகவரியைத் தைத்தேன். வெள்ளைத் துணியில் கறுப்பு நூல். வெளியே தெரியாத இடம். அவள் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "அது என்னம்மா, பூவா?" என்றாள். ஆமாம், பூதான் என்றேன். அதற்குப் பிறகுதான் மாத்தே பானத்துக்குத் தண்ணீர் வைத்தேன்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? களிம்பைத் தடவுகிறாயா, அல்லது அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா? நாங்கள் இருவரும் நலம். வீட்டுக்கார அம்மா தோனா எல்விரா கொடுத்திருக்கும் அறை சிறியது, ஆனால் வெயில் வருகிறது. கணவர் போன பிறகு தனியாக இருக்கிறாள். பேச ஆள் கிடைத்த சந்தோஷம் அவளுக்கு.

நேற்று அடுமனைக்குப் போய்விட்டு வந்தோம். லீவியாவைப் போன்ற இருபது பேர் அங்கே ரொட்டி செய்து விற்கிறார்கள், கூலி வாங்குகிறார்கள். நடத்துகிறவள் பெயர் தோனா மார்லி. சிரிக்காத முகம். லீவியா மாவு உருட்டியதை நின்று பார்த்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "நல்ல கை. வச்சுக்கலாம். ஆனா இங்க ஒரே ஒரு சட்டம்தான். தானா வரணும், தானா போகணும். அம்மா கையப் பிடிச்சுக்கிட்டு வர்றவங்கள நாங்க வச்சுக்கறதில்ல. ஜூலை வரைக்கும் பாப்போம்."

ஜூலையில்தான் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கொடுத்த விடுப்பும் முடிகிறது. அதற்குள் லீவியா இந்த நகரத்தில் தனியாகப் போய்வரக் கற்றுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இருவரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வரவேண்டியதுதான். பத்தொன்பது வயதில் அவள் தனியாகப் போன மிக நீண்ட தூரம் நம் வீட்டிலிருந்து உன் கடை வரை.

இங்கே பேருந்துக்குக் காத்திருப்பது ஒரு கண்ணாடிக் குழாயில். பெரிய போத்தலைச் சாலையோரம் படுக்கப் போட்டது போல இருக்கும். வாசலில் கண்டக்டரிடம் காசைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் நிற்கிறோம். சிவப்புப் பேருந்து வருகிறது, மூன்று வண்டிகளை ஒட்டிய நீளம். கதவு திறந்ததும் ஒரு பலகை விழுந்து குழாயின் தரையைத் தொடுகிறது. அக்கா, படியே இல்லை. நம் ஊரில் வெளியூர்ப் பேருந்து வரும்போதெல்லாம் முதல் படியில் லீவியா உறைந்து நிற்பாளே, பின்னால் இருப்பவர்கள் முணுமுணுக்க, ஓட்டுநர் ஒலி எழுப்ப, நீ ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தூக்கி ஏற்றுவோமே. இங்கே சமையலறையிலிருந்து கூடத்துக்குப் போவது போல நடந்து போய்விட்டாள். உள்ளே நின்று என்னைத் திரும்பிப் பார்த்து, "வாம்மா" என்றாள். வெளியே நின்றிருந்தது நான்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
தெக்லா


புருதென்தோப்போலிஸ்,
19 மார்ச் 1996

அன்புத் தெக்லாவுக்கு,

என்றென்றைக்கும் புகழ்.

என் முழங்கால் என்னைவிட நலம். மழை வருவதை வானொலிக்கு முன்னால் சொல்லிவிடுகிறது. கடையில் வியாபாரம் பரவாயில்லை. கறுப்பு அவரை அறுவடை முடிந்து எல்லார் கையிலும் கொஞ்சம் பணம் இருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் நேராக என்னிடம் வந்து, "பாடகர் குழுவில் கை தட்ட ஆள் இல்லை, லீவியா எங்கே?" என்றார். குரிச்சிபாவில் ரொட்டி சுடப் போயிருக்கிறாள் என்றேன். "தனியாகவா?" என்று கேட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன்.

படியில்லாத பேருந்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். படி இல்லாவிட்டால் ஏறுவது சுலபம், ஒப்புக்கொள்கிறேன். இறங்குவதும் அதே அளவு சுலபம். எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம். அதை யோசித்தாயா? இங்கே அவள் அரைமணி நேரம் காணாமல் போனால் தச்சனிலிருந்து கன்னிகாஸ்திரீ வரை ஊரே தேடும். அங்கே யார் தேடுவார்கள்? கண்ணாடிக் குழாயா?

உன்னை மனம் நோகச் செய்வதற்கு எழுதவில்லை. நீ படித்தவள், யோசித்துத்தான் செய்வாய். ஆனால் சின்ன வயதிலிருந்தே நீ ஒன்றை யோசித்து முடிப்பதற்குள் நான் இரண்டு முறை பயந்து முடித்திருப்பேன்.

உங்கள் அறையில் வெங்காயம் காயப் போடலாமா என்று கடைப்பையன் கேட்டான். கூடாது என்று சொல்லிவிட்டேன். இரண்டு கட்டிலுக்கும் விரிப்பு மாற்றி வைத்திருக்கிறேன். எப்போது வந்தாலும் படுக்கலாம்.

லீவியாவுக்கு என் முத்தம். தேன் அனுப்புகிறேன். இருவரும் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அனீசியா


குரிச்சிபா,
2 ஏப்ரல் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ்.

தேன் வந்து சேர்ந்தது. உடையவில்லை. பாதியை லீவியாவே முடித்துவிட்டாள். எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கும் அப்படியே இருக்க வேண்டும்.

நீ கேட்ட கேள்வியை நான் யோசிக்காமல் இல்லை. அதைத்தான் தினமும் யோசிக்கிறேன். எனக்குப் பிறகு இவளுக்கு யார் என்று நாம் இருவரும் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். நீ என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். உன் பெயரைச் சொல்லி அந்தக் கேள்வியை மூடிவிட முடியாது. ஒரு நகரம் அதற்குப் பதிலாக இருக்குமா என்று பார்க்கத்தான் வந்தேன். வந்த பிறகு நகரத்தைப் பார்க்கவே முடியவில்லை. கதவு மூடும் வேகம், இறங்குகிற கூட்டத்தின் தள்ளல், எதிர்த் திசைக் குழாய் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, இவைதான் கண்ணில் படுகின்றன. அழகான தேவாலயம் ஒன்றைக் கடந்து போகிறோமாம், தோனா எல்விரா சொன்னாள். நான் பார்த்ததே இல்லை.

லீவியாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் இங்கே வண்டிகளுக்கு நிறம் உண்டு. நெடுந்தூரம் நேராகப் போவது சிவப்பு. நிலையத்திலிருந்து தெருக்களுக்குள் பிரிந்து போவது ஆரஞ்சு. நகரத்தைச் சுற்றி வட்டமடித்துத் திரும்பி வருவது பச்சை. அவள் போகவேண்டியது முதலில் சிவப்பு, போர்த்தாவுன் நிலையத்தில் இறங்கி அங்கிருந்து ஆரஞ்சு. "தக்காளி, அப்புறம் ஆரஞ்சு" என்று அவளே ஒரு பாட்டாக்கிவிட்டாள். இடங்களின் பெயரை வண்டிக்குள் ஒரு பெண் குரல் அறிவிக்கிறது. லீவியா அவளுக்குக் கூரை அக்கா என்று பெயர் வைத்திருக்கிறாள். போர்த்தாவுன் என்று கேட்டதும் மேலே பார்த்து, "நன்றி, அக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவாள். முதல் வாரம் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

நான் அவளுக்கு ஒரே ஒரு சட்டம் போட்டிருக்கிறேன்: குழாய்க்குள் போன பிறகு சிவப்பு வராமல் வெளியே வரக்கூடாது. யார் கூப்பிட்டாலும் சரி. எங்கள் குழாயின் கண்டக்டர் ஜாயிர் அதைக் கேட்டுவிட்டு, "நான் கூப்பிட்டாலுமா, தோனா?" என்றான். நீ கூப்பிட்டாலும்தான் என்றேன். "போச்சுடா! நான் நல்லவன்னு எங்க அம்மாவே நம்பினதில்ல. நீங்க எங்க நம்பப்போறீங்க?" என்றான். லீவியா விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஈஸ்டருக்கு முட்டையில் வண்ணம் தீட்ட மெழுகு வாங்கியிருக்கிறேன். நீ இல்லாத முதல் ஈஸ்டர்.

தெக்லா


குரிச்சிபா,
21 ஏப்ரல் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ். உயிர்த்த ஆண்டவர் உன் வீட்டையும் கடையையும் காக்கட்டும். நீ நலமா? ஈஸ்டர் ரொட்டி யார் வெட்டினார்கள்?

நல்ல செய்தி. போன திங்கட்கிழமையிலிருந்து லீவியா தனியாகப் போகிறாள். வாசலில் முத்தம் கொடுத்து அனுப்பிவிட்டு நான் வீட்டிலேயே இருக்கிறேன்.

முதல் நாள் குழாயில் கூட்டம். ஜாயிர் எழுந்து நின்று அவளுக்கு வழிவிட்டான். வண்டியில் அவள் வலப்பக்கம் சன்னலோர இருக்கையில் உட்கார்ந்தாள், பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. ஒரு கிழவர் ஏறியதும் எழுந்து இடம் கொடுத்தாள். நாம் சொல்லித்தரவே இல்லை! அவர் தொப்பியை எடுத்து வணங்கினார். செவ்வாயன்று வண்டி ஒரு குலுக்கலோடு நின்றபோது கம்பியை இடக்கையால் பிடித்தாள், அந்தக் கை பலவீனமானது, எனக்கு உயிரே போய் வந்தது. போர்த்தாவுனில் கூரை அக்காவுக்கு நன்றி சொன்னாள். இப்போது யாரும் சிரிப்பதில்லை. தடித்த கண்ணாடி போட்ட ஒரு வங்கி ஊழியர் தினமும் அதே வண்டியில் வருகிறார். நேற்று முன்தினம் இறங்கும்போது அவரும் மெல்ல மேலே பார்த்து நன்றி சொன்னார்.

தோனா மார்லி இன்னும் சிரிக்கவில்லை. ஆனால் லீவியாவை அடுப்புப் பக்கம் விட்டிருக்கிறாளாம்.

எனக்குச் சரியாகத் தூக்கம் வருவதில்லை. மற்றபடி நலம்.

தெக்லா


புருதென்தோப்போலிஸ்,
30 ஏப்ரல் 1996

தெக்லா,

என்றென்றைக்கும் புகழ்.

ரொட்டியை நான்தான் வெட்டினேன். எனக்கு ஒரு துண்டு, பூனைக்கு ஒரு துண்டு. முழங்கால் அப்படியே இருக்கிறது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை அழுதேன். இரண்டாம் முறை பக்கத்துக் கடை ஹெலெனாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் என்ன கேட்டாள் தெரியுமா? "அனீசியா, உன் தங்கச்சி வீட்லதான் இருக்கான்னா, புள்ள எந்தப் பக்கத்து சீட்ல உக்காந்தான்னு அவளுக்கு எப்படிடி தெரியும்?"

மூன்றாம் முறை நானே படித்தேன். இடக்கையாம். உயிர் போய் வந்ததாம். வீட்டிலிருந்த உனக்கு அந்தக் குலுக்கல் எப்படித் தெரிந்தது? கூரை அக்கா தொலைபேசியில் சொன்னாளா?

உண்மையை எழுது.

அனீசியா


குரிச்சிபா,
6 மே 1996

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ். நீயும் பூனையும் நலமாக இருக்க வேண்டும்.

ஹெலெனா எப்போதும் கெட்டிக்காரி.

ஆமாம், பின்னால் போகிறேன். தினமும். அவள் வாசலைத் தாண்டித் தெருமுனையில் திரும்பியதும் தோனா எல்விராவின் பழுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு தலையில் துணி கட்டிக்கொண்டு கிளம்புகிறேன். குழாய் கண்ணாடி என்பதால் ஒளிய இடமில்லை. குடையை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நிற்பேன். சிவப்பு வரும்போது ஓடிவந்து கடைசிக் கதவில் ஏறுவேன். அவள் முதல் கதவில். நடுவில் நூற்றுக்கணக்கான தலைகள். அந்தத் தலைகளுக்கு நடுவே நீலக் காலர் ஒன்று தெரிந்துகொண்டிருந்தால் எனக்கு மூச்சு வரும். மறைந்தால் நிற்கும். போர்த்தாவுனில் அவள் ஆரஞ்சில் ஏறும்வரை தூணுக்குப் பின்னால் நிற்கிறேன். சாயங்காலம் இதையே தலைகீழாக. ஜாயிருக்குத் தெரியும். "தோனா, மழையே இல்ல. குடைய மூடுங்க, பாக்கறவங்க என்னத்தான் போலீஸ்ல சொல்வாங்க" என்கிறான்.

நீ கோபப்படுவாய். ஆனால் ஒன்று கேள். அவள் பிறந்தபோது மூச்சு வரத் தாமதமானதல்லவா? அந்தச் சில நிமிடங்கள் நான் மயக்கத்தில் இருந்தேன், பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவளைப் பார்க்காமல் இருக்க எனக்குத் தெரியவே இல்லை. இந்த நகரம் அவளுக்காகப் படியை எடுத்துவிட்டது, நிறம் பூசியிருக்கிறது, குரல் வைத்திருக்கிறது. எனக்காக என்ன வைத்திருக்கிறது? ஒரு கடைசிக் கதவு.

தோனா மார்லிக்குத் தெரிந்தால் லீவியாவின் இடம் போய்விடும். அதனால் இதை ஹெலெனாவுக்கு உரக்கப் படித்துக் காட்டாதே.

தெக்லா


புருதென்தோப்போலிஸ்,
14 மே 1996

தெக்லா,

நான் நலம்.

நீ அவளை நம்பினால் வீட்டில் உட்கார். நம்பாவிட்டால் ஊருக்குக் கூட்டிக்கொண்டு வா. வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் பயம். பயம் என்று ஒளிக்காமல்தான் சொன்னேன். நீ தைரியசாலி போல அங்கே போய், என் பயத்தைக் குடைக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். அந்தப் பெண் தனியாகப் போகிறோம் என்று நினைத்துச் சந்தோஷப்படுகிறாளே, அந்தச் சந்தோஷம் உண்மையா பொய்யா என்று நீயே சொல்.

ஜூலைக்குப் பிறகு என்ன செய்வாய்? ஆயுள் முழுவதும் பின்கதவில் ஏறுவாயா?

அனீசியா


குரிச்சிபா,
9 ஜூன் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ்.

போன முறை இந்த வணக்கத்துக்கு நீ பதில் எழுதவில்லை. மறதி இல்லை என்று எனக்குத் தெரியும். நானும் மூன்று வாரங்களுக்கு மேல் எழுதாமல் இருந்துவிட்டேன். முதலில் கோபத்தில். பிறகு நீ சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று. செய்து பார்த்தேன். என்ன நடந்தது என்று சொல்கிறேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், லீவியா நன்றாக இருக்கிறாள். இப்போது பக்கத்தில் தூங்குகிறாள்.

கடந்த செவ்வாய்க்கிழமை நான் பின்னால் போகவில்லை. கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு, குடையைத் தோனா எல்விராவிடம் கொடுத்து, "கேட்டாலும் குடுக்காதீங்க" என்றேன். சமையலறையில் உட்கார்ந்து கறுப்பு அவரை பொறுக்கினேன். பொறுக்கியதையே திரும்பக் கொட்டிப் பொறுக்கினேன். கடும் குளிர். சன்னலுக்கு வெளியே பனிமூட்டம். இந்நேரம் ஏறியிருப்பாள், இந்நேரம் இறங்கியிருப்பாள் என்று மனம் கூடவே போய்க்கொண்டிருந்தது. மனம் போவதை யாரும் தடுக்க முடியாதே.

பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. தோனா எல்விரா எடுத்தாள். அவள் முகத்தைப் பார்த்தே எழுந்துவிட்டேன். அடுமனையிலிருந்து. லீவியா வரவில்லை.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. தலைத்துணி இல்லை, வீட்டுச் செருப்போடு. பெருஞ்சாலையை அடைந்தேன். சிவப்பு வண்டிகளின் பாதையில் ஒன்றும் ஓடவில்லை. தூரத்தில் சர்க்கரை மூட்டை ஏற்றிய லாரி ஒன்று பாதைக்குக் குறுக்கே கவிழ்ந்திருந்தது. குழாய்களிலிருந்து எல்லாரும் வெளியே வந்து நடைபாதை ஓரம் நின்று சாதாரண மஞ்சள் பேருந்துகளில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் நீல மேலங்கி எதுவும் இல்லை. நான் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன் என்று பிறகு ஜாயிர் சொன்னான். எனக்கு நினைவில்லை.

பிறகு பார்த்தேன். எங்கள் குழாய் காலியாக இருந்தது. நடுவில் ஒரே ஒருத்தி, பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

நான் போட்ட சட்டம், அக்கா. சிவப்பு வராமல் வெளியே வராதே, யார் கூப்பிட்டாலும் சரி. ஜாயிர் கூப்பிட்டிருக்கிறான், ஒரு போலீஸ்காரர் கூப்பிட்டிருக்கிறார், ஒரு கிழவி ரொட்டித்துண்டு காட்டிக் கூப்பிட்டிருக்கிறாள். அசையவில்லை. ஜாயிர் தன் காப்பியில் பாதியை அவளுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு வாசலில் காவல் போல உட்கார்ந்திருந்தான்.

உள்ளே ஓடிப் போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "கெட்டிக்காரி, அம்மா சொன்னபடியே நின்னுட்டியே. தப்பு என்னோடது. சிவப்பு வரலைன்னா என்ன பண்றதுன்னு நான் சொல்லித்தரல" என்றேன்.

லீவியா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் புரியாமல் பேசும்போது பார்ப்பாளே, பொறுமையாக, அப்படி.

"சிவப்பு வந்துச்சும்மா" என்றாள்.

ஜாயிர் தலையைச் சொறிந்தான். "அதான் தோனா எனக்கும் புரியல. லாரி கவுறதுக்கு முன்னாடியே நாலஞ்சு வண்டி வந்துச்சு. கதவு தெறக்கும், இவ எட்டிப் பாப்பா, ஏறமாட்டா. 'ஏறும்மா'ன்னேன். 'இன்னும் வரல'ன்னா. யாரு வரலன்னு கேட்டா வாயத் தெறக்கல."

"யாருடி வரல?" என்றேன்.

"நீதான்" என்றாள். "நீ கடைசிக் கதவுல வருவல்ல? இன்னைக்குக் குடை வரல. நீ ஏறாம நான் எப்படிம்மா போறது? உனக்கு வழி தெரியாதே."

அக்கா, முதல் நாளிலிருந்தே அவளுக்குத் தெரியும். நான் ஓடிவருவதற்கு நேரம் வேண்டும் என்றுதான் தெருமுனையில் மெதுவாக நடப்பாளாம். போர்த்தாவுனில் தூணுக்குப் பின்னால் நான் வந்து சேர்ந்த பிறகுதான் ஆரஞ்சில் ஏறுவாளாம். அம்மாவுக்கு ஒளிந்து விளையாடப் பிடிக்கிறது என்று நினைத்து, கெடுக்க வேண்டாம் என்று திரும்பிப் பார்க்காமலே இருந்திருக்கிறாள். நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்த வழியில் தக்காளியும் ஆரஞ்சும் மட்டும் இல்லை. நானும் ஒரு நிறுத்தமாக இருந்திருக்கிறேன்.

மதியம் நானே அவளை அடுமனைக்குக் கூட்டிப் போனேன். மறைத்துப் பயனில்லை. தோனா மார்லியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும், "பொண்ணு பாஸ். அம்மா ஃபெயில்" என்றாள். ஜூலை முதல் வாரம் வரை தவணை கொடுத்திருக்கிறாள். அதற்குள் நான் இல்லாமல் லீவியா போய்வர வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு பெண் காத்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு மூன்று நாள் நான் குடையோடுதான் போனேன். வேறு வழி தெரியவில்லை. என்ன செய்யலாம், சொல்.

தெக்லா


புருதென்தோப்போலிஸ்,
17 ஜூன் 1996

அன்புத் தெக்லாவுக்கு,

என்றென்றைக்கும் புகழ். மேலும் ஒரு முறை, என்றென்றைக்கும் புகழ். இரண்டாவது போன மாதத்துக்கானது. பாவம் என்று தெரிந்தேதான் விட்டேன். பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டேன்.

"உனக்கு வழி தெரியாதே." கடையில் உட்கார்ந்து இதைப் படித்துச் சிரித்தேன். பிறகு கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்கிறாய். நான் விதை விற்கிறவள். ஆனால் ஒன்று தோன்றுகிறது. நீ வருவதை அவளிடம் மறைத்தாய். வராமல் போனதையும் மறைத்தாய். இந்த முறை முகத்துக்கு நேராகச் சொல்லிப் பாரேன். அவளிடம் யாரும் எதையும் நேராகச் சொல்வதில்லை. 'பூ' என்கிறோம், 'பிறகு சொல்கிறேன்' என்கிறோம். நானும் அப்படித்தான்.

இன்னொன்று. கூட்டிக்கொண்டு வா, கூட்டிக்கொண்டு வா என்று நான் எழுதியதெல்லாம் அவளுக்காக மட்டும் இல்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதமாட்டேன்.

பைன் மரக்கொட்டை ஒரு பை அனுப்புகிறேன். உப்புப் போட்டு வேகவை. ஜாயிருக்கும் கொடு. அந்தக் குளிரில் வீட்டுச் செருப்போடு ஓடியதில் உனக்குச் சளி பிடிக்கவில்லையே? எழுது.

அனீசியா


குரிச்சிபா,
7 ஜூலை 1996

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ்.

கொட்டை வந்தது. ஜாயிர் தோலோடு கடித்துவிட்டு, "உங்க ஊர்ல பல்லு வைத்தியர் நல்லா சம்பாதிப்பாரே" என்றான். எனக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது. உன் முழங்காலுக்கு இந்தக் குளிர் ஆகாது, கம்பளி சுற்றிக்கொள்.

உன் கடிதம் வந்த அன்று ராச்சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது லீவியாவிடம் சொன்னேன்: "நாளைலேருந்து நான் பின்னாடி வரமாட்டேன்."

"ஏன், விளையாட்டு பிடிக்கலையா?"

"பிடிக்கும். ஆனா போதும். நீ தனியா போய்டுவ."

சூப்பைக் குடித்துக்கொண்டே யோசித்தாள். "சரி. அப்ப நீ எங்க போவ?"

வீட்டில் இருப்பேன் என்றேன். அவளுக்கு அது திருப்தியாக இல்லை. "வீட்ல இருந்தா அழுவ. நீ பச்சைல போ. பச்சை சுத்திட்டுத் திரும்பி வந்துடும். தொலைய மாட்ட." கொஞ்ச நேரம் கழித்து, "உன் கோட்டுல பூ இல்லையே. தோனா எல்விரா வீட்டுப் பூ. யாராவது கேட்டா என்ன காட்டுவ?" என்றாள். அது பூ இல்லை என்பது அவளுக்கு எவ்வளவு நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் குழாய் வரை சேர்ந்து போனோம், குடை இல்லாமல். சிவப்பு வந்தது. அவள் முதல் கதவில் ஏறினாள். கடைசிக் கதவு என் எதிரே திறந்து நின்றது. பலகை விழுந்து கிடந்தது. ஒரு அடி வைத்தால் போதும், படிகூட இல்லை. அந்தச் சில நொடிகளில் இந்த நகரத்தை இவ்வளவு நன்றாகக் கட்டியவர்களை நான் வெறுத்தேன். கதவு மூடியது. சன்னலில் அவள் எனக்குக் கை காட்டவில்லை. எதிர்த் திசைக் குழாயைச் சுட்டிக்காட்டினாள். போ, உன் வண்டி அங்கே.

எதிர்த் திசைச் சிவப்பில் போய்க் கப்ரால் நிலையத்தில் பச்சையில் ஏறினேன். ஏறிய இடத்துக்கே திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பாதி தூரம் வரை சன்னலில் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எப்போதோ வெளியே பார்த்திருக்கிறேன். பூங்கா ஒன்று, ஈரப் புல்லில் குதிரை, பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள். நாலு மாதமாக இந்த ஊரில் இருக்கிறேன். வீடு திரும்பியபோது தோனா எல்விரா வாசலிலேயே நின்றாள். "மார்லி கூப்பிட்டா. புள்ள வந்துட்டாளாம். 'அம்மா பச்சைல போயிருக்காங்க, பயப்படாதீங்க'ன்னு அங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்காளாம்."

இரண்டு வாரம் ஓடிவிட்டது. ஒருநாள் தவறான ஆரஞ்சில் ஏறி, அவளே நிலையத்துக்குத் திரும்பி, சரியானதில் ஏறிப் போயிருக்கிறாள். நிலையத்துக்குள் மறுபடி காசு கேட்கமாட்டார்கள், எத்தனை முறை தவறினாலும். இதை அவள் சொன்னபோது இன்னொரு முறை முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டேன். அவளுக்குப் பெருமை. வெள்ளிக்கிழமை தோனா மார்லி சொல்லிவிட்டாள்: இடம் லீவியாவுக்குத்தான். இன்னும் சிரிக்கவில்லை.

என் விடுப்பு இம்மாதக் கடைசியோடு முடிகிறது. பள்ளிக்கூடத்துக்கு எழுதி இன்னும் ஆறு மாதம் கேட்கலாம் என்று நேற்று வரை நினைத்திருந்தேன். கடிதத்தைத் தொடங்கவும் செய்தேன். காரணம் என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. மகளுக்காக என்று எழுத முடியவில்லை.

கேட்கமாட்டேன், அக்கா. ஊருக்கு வருகிறேன். மாதம் ஒருமுறை இங்கே வந்து பார்ப்பேன். லீவியாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவளை வைத்துக்கொள்கிறீர்களா என்று தோனா எல்விராவைக் கேட்கவும் இல்லை. எனக்குள்ளேயே இன்று காலைதான் சொல்லிக்கொண்டேன், பயத்தோடு. நான் கிளம்பும் நாளில் லீவியாவே என்னை வெளியூர்ப் பேருந்து நிலையத்துக்குக் கூட்டிப் போகட்டும், வழி தெரியாதவளைக் கூட்டிப் போவது போல. அவள் திரும்பும்போது கடைசிக் கதவில் யாரும் ஏறமாட்டார்கள். அது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

இந்தக் கடிதம் மேசைமேல் இருக்கிறது. நாளை தபால் பெட்டி வரை போவதற்கு எனக்குத் துணிச்சல் வந்து, இது உன் கைக்குக் கிடைத்தால், ஒரு கட்டிலுக்கு மட்டும் விரிப்பு போட்டு வை.

தெக்லா